திருமந்திர நகரும் தென்கரைத் தெய்வங்களும்

தூத்துக்குடிக் கடலுக்கு ஓசை குறைவு. திருச்செந்தூரில் அலை வந்து கரையை அறைவதையும், கன்னியாகுமரியில் பாறைகளின்மேல் ஏறிச் சிதறுவதையும் கண்டு பழகியவர்கள் இந்த நகரின் கடற்கரையில் முதன்முறையாக நின்றால், இது கடலா, ஏரியா என்றே ஐயுறுவார்கள். விடியற்காலையில் நீர் அசையாமல் கிடக்கும். தோணிகளின் நிழல் கூடக் கலையாது.

இந்த அமைதிக்குத் தலபுராண மரபு ஒரு காரணம் சொல்லுகிறது. சிவபெருமான் அம்பிகைக்குப் பிரணவ மந்திரத்தை இங்கே உபதேசித்தருளினார். அப்போது உபதேசத்துக்கு இடையூறு நேராதபடி அலைகள் தம் ஓசையை அடக்கிக்கொண்டன. அன்று அடங்கியவை இன்றுவரை அடங்கியே இருக்கின்றன என்பது அது. அதனால் ஊருக்குத் திருமந்திர நகர் என்று பெயர். மந்திரம் ஓதியவர் இராமபிரான் என்று சொல்வோரும் உண்டு. அனுமன் தூது வந்த வழியாதலால் தூத்துக்குடி ஆயிற்று என்பர் சிலர். கடலோர நிலத்தைத் தூர்த்துக் குடியேறியதால் தூர்த்துக்குடி, அது மருவித் தூத்துக்குடி என்பர் வேறு சிலர்.

நிலநூல் வல்லார் சொல்லும் காரணமும் கேட்கத் தக்கது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் மாலை கோத்தாற்போல் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். ஆழ்கடலிலிருந்து வரும் அலையின் வேகத்தை இவை வாங்கிக்கொள்வதால் கரைக்கு வரும் நீர் சாதுவாக வருகிறது. புராணமும் நிலநூலும் ஒரே அமைதியைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் அந்தத் தீவுகளில் இரண்டு இப்போது நீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் நெடுங்காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் பயன் அது. நகருக்கு மிக அருகில் இருக்கும் வான் தீவும் கரைந்து சிறுத்துவிட்டது. அதைக் காப்பதற்காகக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

நகரின் நடுவே ஸ்ரீ பாகம்பிரியாள் உடனுறை சங்கரராமேசுவரர் திருக்கோயில் உள்ளது. ஊரார் வாயில் இது வெறும் 'சிவன் கோயில்'தான். சங்கரராம பாண்டியன் என்னும் சிற்றரசன் எடுப்பித்த கோயில் என்பது வழிவழிச் செய்தி. சித்திரையில் தேர் ஓடும் நாளன்று துறைமுகத் தொழிலாளியும் உப்பள முதலாளியும் ஒரே வடத்தைப் பிடித்திருப்பதைக் காணலாம். அடுத்தாற்போலவே வைகுண்டபதிப் பெருமாள் கோயில். சைவரும் வைணவரும் இரண்டு சந்நிதிகளையும் ஒரே நடையில் சேவித்துவிட்டு வீடு திரும்புவது இவ்வூர் வழக்கம். கடலோரமாகச் சிறிது தூரம் நடந்தால் பரதவ மக்கள் அன்னையாகப் போற்றும் பனிமய மாதா ஆலயம். ஆகஸ்ட் 5 அன்று அங்கே நடக்கும் திருவிழாவுக்கு ஊர் முழுவதும் திரளும்.

நகர்ந்து வந்த துறைமுகம்

தூத்துக்குடியைப் புதிய தொழில் நகரம் என்று எண்ணுவது பாதி உண்மை. துறைமுகம் இங்கே புதிதன்று. அது நகர்ந்து வந்து சேர்ந்த இடந்தான் புதிது.

முதல் துறைமுகம் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறை அது. இளவரசர்கள் வீற்றிருந்த ஊர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பேடான பெரிப்ளூஸ் இதனைக் கொல்கை என்று குறிப்பிட்டு, இங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் எழுதிவைத்திருக்கிறது. அரசியின் மார்பில் ஒளிவிட்ட முத்து எப்படி மேலே வந்தது என்பதை ஓர் அயலான் அன்றே கவனித்திருக்கிறான்.

இன்று கொற்கைக்குப் போனால் கடலைக் காண முடியாது. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைச் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. வயல்களும் வாழைத் தோட்டங்களும் பனைகளுமாக அடங்கிய ஒரு சிற்றூர் அது. ஊருக்குள் வெற்றிவேல் அம்மன் கோயில் இருக்கிறது. கண்ணகித் தெய்வமே இங்கு அம்மனாக அமர்ந்தாள் என்று ஊரார் நம்புகிறார்கள். சிலப்பதிகாரம் கூறும் கொற்கை வேந்தன் வெற்றிவேற்செழியனின் பெயரை இந்தக் கோயிலின் பெயரோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. பக்கத்து ஊருக்கு அக்காசாலை என்று பெயர். நாணயம் அடிக்கும் சாலை என்பது அதன் பொருள். நாணயமும் போயிற்று, சாலையும் போயிற்று. அக்காசாலை ஈசுவரமுடையார் மட்டும் இன்னமும் விளக்கு ஏற்றுவார் இல்லம் பார்த்து அமர்ந்திருக்கிறார்.

கொற்கை தூர்ந்தபின் துறைமுகம் கடலைத் தேடிக் காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிசு நாட்டு மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் அதுவே. அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய துறை. அதையும் மணல் மூடியது. இப்போது அது பழைய காயல். பின்னர் போர்ச்சுக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது. 1658-இல் அது டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. பிறகு ஆங்கிலேயரிடம் வந்தது. ஆற்றின் வண்டல் எட்டாத இடமாகத் துறைமுகம் தானே தேடிக்கொண்டதுபோல் இருக்கிறது இந்த வரலாறு.

கப்பல் ஓட்டியவர் எழுதிய சிவஞானபோத உரை

1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு ஆண்டு 'காலியா', 'லாவோ' என்னும் இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடத் தொடங்கின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்ததையும், 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தத்துக்குப்பின் வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானதையும், சிறையில் செக்கிழுத்ததையும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்.

அதிகம் பேசப்படாதது அவருடைய சமய வாழ்க்கை. பிள்ளையவர்கள் ஆழ்ந்த சைவ சித்தாந்தப் பயிற்சி உடையவர். 19-ஆம் நூற்றாண்டிலேயே சைவ சித்தாந்த சபை கண்ட ஊர் தூத்துக்குடி. அந்தச் சூழலில் நெஞ்சம் தோய்ந்தவர் அவர். சிறை அவருடைய வழக்கறிஞர் உரிமத்தையும் செல்வத்தையும் கொண்டுபோயிற்று. கப்பல்களும் கைவிட்டுப் போயின. எல்லாம் போனபின் எஞ்சிய ஆண்டுகளில் அவர் திருக்குறளுக்கு உரை கண்டார்; மெய்கண்ட தேவரின் சிவஞானபோதத்துக்கும் உரை எழுதி 1935-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 18 அன்று இதே ஊரில் அவர் உயிர் பிரிந்தது. மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரங்களையும் கப்பல் கம்பெனியின் கணக்கேட்டையும் ஒரே கை தொட்டிருக்கிறது என்பதை நினைக்குந்தோறும், இந்தத் துறைமுகத்துக்கு 2011-இல் அவர் பெயர் சூட்டியது வெறும் மரியாதை அன்று என்றே தோன்றுகிறது.

இன்றைய துறைமுகம் முழுவதும் மனிதன் கட்டியது. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கற்சுவர்களை நீட்டி, நடுவே கப்பல்களுக்கு இடம் செய்திருக்கிறார்கள். 1974-ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று இது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. பிறகு அலகுகள் ஐந்தாயின. உர ஆலை, இரசாயன ஆலை, கனநீர் ஆலை என்று ஒவ்வொன்றாக வந்தன. 2025-இல் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் மின்சாரக் கார்த் தொழிற்சாலை ஒன்றும் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் ஓர் ஆலையின் மாசுக்கு எதிராக எழுந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான 13 பேரின் குடும்பங்களும் இந்நகரில்தான் இருக்கின்றன. வளர்ச்சியின் கணக்கில் அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

பழைய துறைமுகம் இன்னும் இருக்கிறது. மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் ஏற்றிச் செல்லும் தோணிகள் அங்கிருந்துதான் புறப்படும். மரத்தாலான பெருந்தோணி ஒன்று சரக்கேற்றிப் பூமாலை சாத்திக் கிளம்பும் காட்சியைக் காண வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம்.

உப்பும் சங்கும்

வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் இலட்சுமி வருவாள் என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். விளக்கு வைத்தபின் உப்பை இரவல் கொடுக்க மாட்டார்கள். மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டி நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அந்த உப்பில் எத்தனையோ படி தூத்துக்குடியைச் சுற்றியுள்ள அளங்களில் விளைந்தது. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. தமிழகத்தில் முதலிடம் இந்த மாவட்டத்துக்கு.

உப்பை இங்கே 'விளைச்சல்' என்றே சொல்கிறார்கள். உழவைப் போலத்தான் இதுவும். உவர்நீரை முதலில் தெப்பத்தில் நிறுத்தி வெயிலில் சுண்டவிட வேண்டும். நீர் கனத்து வரும்போது சிறு பாத்திகளுக்குப் பாய்ச்ச வேண்டும். பாத்தியின் தரையை முன்னதாகவே மிதித்துக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். சில நாட்களில் அடியில் மணி மணியாக உப்புப் படியும். வாருபலகையால் அதை இழுத்து வரப்பில் சேர்ப்பது ஒருவர் வேலை. தலைச்சுமையாகத் தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாகக் குவிப்பது இன்னொருவர் வேலை. தலைச்சுமை பெரும்பாலும் பெண்களுக்கு. மாசி தொடங்கிப் புரட்டாசி வரை வெயில் உள்ள மாதங்களில்தான் வேலை. ஐப்பசி மழை வந்துவிட்டால் பாத்தி கரையும், கூலியும் கரையும். அந்த மாதங்களுக்கென அரசு ஒரு நிவாரணத் தொகை வழங்கி வருகிறது.

அளத்தின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உவர்நீரில் ஊறிய பாதங்கள் வெடித்து, அந்த வெடிப்பில் உப்பே ஏறும். இதனால் பொழுது புலர்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்க்கிறார்கள். இரயிலில் தூத்துக்குடியை நெருங்கும்போது சன்னலுக்கு வெளியே தெரியும் வெள்ளைக் குன்றுகளை அழகு என்று மட்டும் பார்த்துவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அன்னதானத்தில் இலையின் ஓரத்தில் முதலில் விழுவது அந்தக் கல்லுப்புதான்.

முத்துக்குளி நின்றுபோய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1961-இல் நடந்ததே இந்தக் கரையின் கடைசி முத்துக்குளி. சங்குகுளி மட்டும் தொடர்கிறது. இங்கே எடுக்கப்படும் சங்குகள் நெடுங்காலமாக வங்காளத்துக்குப் போகின்றன. அங்கே சுமங்கலிகள் அணியும் சங்கு வளையல் அவற்றிலிருந்து அறுக்கப்படுகிறது. தென்கடலில் ஒருவர் மூச்சடக்கி எடுத்தது வடக்கே ஒரு மணமகளின் கையில் மங்கலமாகிறது. நம் சிவாலயங்களில் கார்த்திகைச் சோமவாரத்தில் 108, 1008 என்று வரிசையாக வைத்துச் செய்யும் சங்காபிஷேகத்துக்கும் சங்கு கடல் தந்ததே.

வலம்புரிச் சங்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடலில் கிடைக்கும் சங்குகள் ஏறத்தாழ எல்லாமே இடம்புரி. வலம்புரி மிக மிக அரிது. ஆனால் வேறு நாட்டுக் கடல்களில் இயற்கையாகவே வலம்புரியாகச் சுழிக்கும் வேறு வகைக் கிளிஞ்சல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து பூசைக்குரிய வலம்புரி என்று பெருவிலைக்கு விற்பவர்கள் கோயில் வாசல்களில் உண்டு. அன்பர்கள் ஏமாற வேண்டாம். இடம்புரிச் சங்கில் வார்த்த நீரையும் இறைவன் ஏற்றுக்கொள்கிறான்.

ஆழ்வார் உருவான ஆற்றுநீர்

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள். ஏழு ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே மன்னர்கள் கட்டியவை. எட்டாவதும் கடைசியுமானது ஸ்ரீவைகுண்டம். 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. இந்தக் கடைசி அணையைச் சுற்றித்தான் நவதிருப்பதிகள் அமைந்திருக்கின்றன.

ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான், இது சூரியனுக்குரிய தலம். நத்தம் எனப்படும் வரகுணமங்கையில் விஜயாசனர், சந்திரனுக்கு உரியது. திருப்புளிங்குடியில் சயனத் திருக்கோலத்தில் காசினிவேந்தன். திருவடியைத் தனியே சேவிக்க வெளிச்சுற்றில் ஒரு சாளரம் வைத்திருக்கிறார்கள், கேட்டுச் சேவிக்கவும். பெருங்குளத்தில் மாயக்கூத்தன், சனிக்கு உரியது. இரட்டைத் திருப்பதியில் தேவபிரானும் அரவிந்தலோசனரும் இராகு கேதுக்களுக்காக எழுந்தருளியிருக்கிறார்கள். தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதர் சுக்கிரனுக்கு. திருக்கோளூரில் வைத்தமாநிதி செவ்வாய்க்கு. மதுரகவியாழ்வார் அவதரித்த ஊரும் அதுவே. ஆழ்வார்திருநகரியில் ஆதிநாதர் குருவுக்கு.

நம்மாழ்வார் வீற்றிருந்த உறங்காப்புளி ஆழ்வார்திருநகரியில் உள்ளது. வைகாசி விசாகத்தை ஒட்டிய உற்சவத்தில் ஒன்பது பெருமாள்களும் இங்கே எழுந்தருளிக் கருட சேவை சாதிப்பார்கள். ஒரே இரவில் ஒன்பது கருடன்கள். முழங்கால் வலிக்கும் வயதில் அந்தக் கூட்டத்தில் நிற்பது எளிதன்று. ஆயினும் ஒருமுறையேனும் சேவித்தவர்கள் அதைப் பற்றிப் பேசி ஓயமாட்டார்கள்.

ஆழ்வார் திருமேனி தோன்றிய வரலாற்றைக் குருபரம்பரை இப்படிச் சொல்லுகிறது. தம் ஆசாரியரின் அர்ச்சா திருமேனி வேண்டும் என்று மதுரகவிகள் வேண்ட, தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சுமாறு ஆணையாயிற்று. காய்ச்சியபோது முதலில் வெளிப்பட்டது முக்கோல் பிடித்த வேறொரு துறவியின் திருமேனி. அவரே பின்னால் வரப்போகும் இராமானுசர், பவிஷ்யதாசாரியர் என்று உணர்த்தப்பட்டது. மீண்டும் காய்ச்ச, நம்மாழ்வார் வெளிப்பட்டார். அத்தகைய நீர் இது.

அந்த நீரை இன்றும் காய்ச்சுகிறார்கள், ஆலைகளின் கொதிகலன்களில். நாளொன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்கும் திட்டம் ஒன்று 1970-களில் வந்தது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து குழாய் வழியாகத் தூத்துக்குடியின் தொழிற்சாலைகளுக்கு நீர் போயிற்று. அணைக்குக் கீழே வாய்க்கால் பாசனத்தை நம்பிய வாழையும் நெல்லும் காய்ந்த ஆண்டுகளில், கடைமடை உழவர்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள், வழக்கும் தொடுத்தார்கள். ஆலைகளுக்குக் கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கும் திட்டங்கள் பேசப்படுகின்றன. நகர மக்களின் குடிநீரும் இதே ஆற்றின் வல்லநாட்டுப் பகுதியிலிருந்துதான் வருகிறது என்பதால், யாரையும் எளிதில் குறை சொல்லிவிட முடியாது. அணையில் வண்டலும் அமலைச் செடியும் மண்டி, கொள்ளளவு சுருங்கியிருப்பதைத் தூர்வாரினாலே பாதி வழக்குத் தீரும் என்பது ஆற்றங்கரை முதியவர்களின் கட்சி. என் எண்ணமும் அதுவே.

2018-ஆம் ஆண்டு அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம் நடந்தது. 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விழா என்று நாடெங்கிலுமிருந்து அன்பர்கள் வந்து படித்துறை தோறும் நீராடினார்கள். ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் முறப்பநாட்டில் தட்சிண கங்கை என்று போற்றி மூழ்கினார்கள். மூழ்கியபின் பழைய துணிகளை ஆற்றிலேயே விட்டுச் சென்றவர்களும் அவர்களில் உண்டு. பரிகாரம் என்ற பெயரில் ஆற்றில் துணி விடுவதைச் சாத்திரம் எதுவும் விதிக்கவில்லை. வயதில் மூத்த நாம் சொன்னால் இளையவர்கள் கேட்பார்கள்.

நீர் போதவில்லை என்று வருந்திய அதே பூமி 2023 டிசம்பரில் மூழ்கியது. 17-ஆம் தேதி தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப்போய், ஏறத்தாழ 800 பயணிகள் நடுவெள்ளத்தில் சிக்கினார்கள். அவர்களில் செந்திலாண்டவனைத் தரிசித்துவிட்டு வந்தவர்கள் பலர். முதியோரும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார் தங்கள் வீடுகளிலும் தண்ணீர் சூழ்ந்திருக்க, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாட்கள் பயணிகளுக்குப் பசி தீர்ந்தது அந்தக் கைகளால்தான். வெள்ளம் வடிந்தபின் நவதிருப்பதிக் கிராமங்களில் வாழைகள் அழுகிக் கிடந்தன. உப்பளங்களில் குவித்திருந்த அம்பாரங்கள் இருந்த இடம் தெரியவில்லை.

கடலில் போனவன் திரும்பி வந்தான்

தூத்துக்குடிக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர். கோயிலைச் சொல்லத் தொடங்கினால் தனி இதழே வேண்டும். துறைமுகத்தின் கதையோடு தொடர்புடையதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுக்கீசியரோடு மோதிக்கொண்டிருந்த டச்சுக்காரர் இந்தக் கோயிலைப் பிடித்துக் கோட்டைபோல் வைத்துக்கொண்டார்கள். போகும்போது சண்முகர் திருமேனியையும் நடராசர் திருமேனியையும் பொன் என்று எண்ணிக் கப்பலில் ஏற்றினார்கள். கடல் கொந்தளித்தது. அஞ்சிய மாலுமிகள் திருமேனிகளைக் கடலில் விட்டுவிட்டார்கள். நெல்லையில் நாயக்கரின் பிரதிநிதியாக இருந்த வடமலையப்ப பிள்ளை நெஞ்சுருகிப் புதிய திருமேனி ஒன்று வார்க்க ஏற்பாடு செய்தார். அவர் கனவில் முருகன் தோன்றி, கடலில் எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்துக்கு மேலே கருடன் வட்டமிடும், அங்கே தேடு என்றான். 1653-இல் அவ்வாறே தேடித் திருமேனிகளை மீட்டார்கள். அவர் பெயரால் அமைந்த மண்டபத்துக்குச் சுவாமி இன்றும் விழா நாட்களில் எழுந்தருள்கிறார். ஆவணியிலும் மாசியிலும் சண்முகர் சிவப்புச் சாத்தி, வெள்ளை சாத்தி, பச்சை சாத்தி எழுந்தருளும்போது காண்பது, கடலுக்கடியில் கிடந்து திரும்பிய அதே திருமேனியைத்தான்.

இராசகோபுரம் இங்கே மேற்கே இருக்கிறது. கிழக்கே கடல் என்பதால். ஒன்பது நிலை கொண்ட அந்தக் கோபுரத்தைக் கட்டிய தேசிகமூர்த்தி சுவாமிகள், கூலிக்குப் பணமின்றிப் பன்னீர் இலையில் திருநீறு மடித்துக் கொடுத்தார் என்றும், தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டிப் பிரித்துப் பார்த்தபோது உழைப்புக்கேற்ற காசு இருந்தது என்றும் வழங்கும் கதை வாசகர்கள் அறிந்ததே. கடலுக்கு இத்தனை அருகில் நாழிக்கிணற்றின் நீர் உப்புக் கரிக்காமல் இருப்பது இன்னோர் அதிசயம். 2025 ஜூலை 7 அன்று கும்பாபிஷேகம் நடந்தேறியது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் கோயிலின் முன்புறக் கரையைக் கடல் அரித்து ஆள் உயரத்துக்குப் பள்ளமாக்கியதையும் பார்த்தோம். நீராட இறங்கும் முதியவர்கள் அலை நீளும் இடத்தில் துணையின்றி நிற்க வேண்டாம்.

பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன், திருச்செந்தூரில் உச்சிக்கால நைவேத்தியம் ஆன பின்னரே உணவருந்துவான் என்றும், அந்தச் செய்தி வழிநெடுக இருந்த மண்டபங்களின் மணியோசையால் அவன் அரண்மனைக்கு எட்டும் என்றும் சொல்வார்கள். அந்த மண்டபங்கள் சில இன்றும் நிற்கின்றன.

இன்னும் தெற்கே போனால் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் தசராவில் காளியாகவும் குறவனாகவும் அரசனாகவும் வேடமிட்டு, வீடுவீடாகக் காணிக்கை எடுத்துக் கோயிலில் சேர்க்கும் பல்லாயிரம் அன்பர்களை வேறெங்கும் காண இயலாது. பத்தாம் நாள் கடற்கரையில் மகிடாசுர சம்ஹாரம். அந்தக் கரையருகே 2024 பிப்ரவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால், இலங்கையைச் சுற்றி வளையாமல் சிறு இராக்கெட்டுகள் நேரே போகலாமாம். கொற்கையில் தோணி, தூத்துக்குடியில் கப்பல், குலசையில் இராக்கெட். துறைமுகம் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

யாத்திரை செல்வோருக்கு

சென்னையிலிருந்து முத்துநகர் விரைவு இரயிலில் இரவு ஏறினால் காலையில் தூத்துக்குடி. முதல் நாள் நகரின் இரு கோயில்கள், பழைய துறைமுகம், மாலையில் கொற்கை. மறுநாள் விடியலில் திருச்செந்தூர். நவதிருப்பதிகளுக்கு ஒரு முழு நாள் வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், புளிங்குடி மூன்றையும் முடித்துவிட்டு, வாகனத்தை அமர்த்திக்கொண்டு மற்றவற்றுக்குப் போவது நலம். ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஆதிச்சநல்லூரில் பழந்தமிழர் முதுமக்கள் தாழிகளை எடுத்த இடத்திலேயே கண்ணாடி வழியே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் சேந்தபூமங்கலம் கைலாசநாதரையும் தரிசிக்கலாம். நவகைலாயங்களில் ஆற்றின் முகத்துவாரத்துக்கு மிக அருகில் இருப்பவர் அவர்.

பேரக்குழந்தைகளுக்கு வாங்கி வர உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் உண்டு. தூத்துக்குடி மக்ரூன் என்று ஒரு முந்திரிப் பலகாரம் வாயில் வைத்ததும் கரையும் என்பார்கள். அதில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்கிறது, சைவ உணவினர் கவனிக்க. திருச்செந்தூர் சாலையில் ஆற்றங்கரை ஊரான ஆத்தூரில் வண்டியை நிறுத்திச் சோமநாதரைச் சேவித்துவிட்டுக் கடைத்தெருவில் வெற்றிலை கேளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. ஆற்றில் நீர் ஓடிய ஆண்டில் வெற்றிலைக்கு அந்தக் காரமும் மணமும் இருக்கும் என்கிறார்கள் கொடிக்கால்காரர்கள்.